ஒரு எழுத்து விட்டுப்போன மெசேஜ்

விருத்தாசலத்தை விட்டு மூன்று கிலோமீட்டர் நடந்திருப்பேன், கருவேப்பிலங்குறிச்சி போகிற ரோட்டில். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, சார்ஜர். மதியம் ஒரு மணி வெயில். கரண்ட் பெட்டிக்கான பீங்கான் பீஸ் கேரியர்களை வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலையை அன்று காலைதான் விட்டிருந்தேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. ஆர்டர் வராததால் சூளை பற்றவைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வாரம் வரை சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு வராது. காலையில் டீயோடு சரி, வேறு ஒன்றும் சாப்பிடவில்லை. அதற்காக வருத்தமும் இல்லை. ஆந்திராவில் போர்வெல் போடுகிற வண்டியில் இருந்த காலத்தில் இரண்டு நாள் வெறும் மாங்காயில் ஓட்டியிருக்கிறேன்.

ஒரு வெள்ளைக் கார் என்னைத் தாண்டிப் போய் நின்றது. பிறகு ரிவர்ஸில் என்னிடம் வந்தது. கண்ணாடி இறங்கியது. ஐம்பதை ஒட்டிய வயது, புதுச் சட்டை, நெற்றியெல்லாம் வேர்வை.

"தம்பி, எங்க போறீங்க?"

"இப்படியே போறேங்க."

"இப்படியேன்னா?"

"ரோடு எங்க போவுதோ அங்க."

"ரோடு திட்டக்குடி போவுது. அப்ப ஏறுங்க. பின்னாடி ஏறி மாதாவப் புடிச்சிக்குங்க."

குனிந்து பார்த்தேன். பின்சீட்டில் மூன்றடி உயரத்துக்கு ஒரு மாதா சுரூபம். பீங்கானில் செய்து, நீல முக்காட்டுக்குப் பளபளவென்று மெருகு ஏற்றியது. சீட் பெல்ட்டும் போட்டிருந்தார்கள். ஆனாலும் பெல்ட்டுக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டுதான் இருந்தது.

"பள்ளத்துல எறங்கும்போதெல்லாம் கதவுல முட்டுது. மூக்கு ஒடைஞ்சா என் கத முடிஞ்சுது" என்றார்.

ஏறி உட்கார்ந்து சுரூபத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டேன். ஏசி குளுகுளுவென்று இருந்தது. நடந்து வந்தவனுக்கு இது போதும்.

கார் கிளம்பி ஐந்து நிமிடத்துக்குள் அவர் கதையெல்லாம் சொல்லிவிட்டார். விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் மொத்தமாக வாங்கி வெளியூர்க் கடைகளுக்குக் கொடுப்பவர். மனைவி தவறி ஆறு வருடம். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். அவள்தான் அப்பா தனியாகக் கிடக்கக் கூடாது என்று திட்டக்குடியில் ஒரு டீச்சரைப் பேசி வைத்திருக்கிறாள். நாற்பத்திரண்டு வயது. டீச்சரின் அப்பா படுக்கையில் இருந்தார், பிறகு அண்ணனுக்கு அடிபட்டது என்று கல்யாணம் தள்ளிக்கொண்டே போனவர். ஆறு மாதமாகப் போனில் பேச்சு. இன்று சாயந்திரம் ஐந்து மணிக்கு முதல்முதலாக அவர்கள் வீட்டுக்குப் போகிறார். சுரூபம் அவர்கள் தெரு முனையில் குகை மாதிரிக் கட்டிய மாதா கெபியில் வைப்பதற்கு.

"எல்லாம் சரின்னுட்டாங்க. ஒரே ஒரு கண்டிசன்தான். வண்டி ஓட்டும்போது போன கையில எடுக்கற ஆளு எனக்கு வேணாம்னுட்டாங்க."

"ஏங்க?"

"அவங்க அண்ணன் பைக்கு ஓட்டிக்கிட்டே மெசேஜ் பாத்து வாய்க்கா மதகுல மோதினவரு. இன்னைக்கு வரைக்கும் வலது காலு மடங்கலயாம்."

அதனால் அவர் செகண்ட் ஹாண்டில் கார் வாங்கியதும் முதல் வேலையாக காருக்குப் பாட்டு செட் மாட்டுகிற கடைக்குப் போயிருக்கிறார்.

"கடைக்காரன், 'அண்ணே, பேரிங் பண்ணிட்டா போதும், மெசேஜெல்லாம் காரே படிக்கும், போன தொடவே வேணாம்'னான். எனக்கு பக்குனு ஆயிடுச்சு தம்பி. வாங்கி ஒரு மாசம்கூட ஆவல, அதுக்குள்ள பேரிங் போயிடுச்சான்னு நேரா மெக்கானிக்குகிட்ட ஓட்டிட்டுப் போனேன். நாலு சக்கரத்தையும் கழட்டிப் பாத்துட்டு, பேரிங்கு எல்லாம் வெண்ண மாதிரி இருக்குதுன்னான். திரும்பி வந்து கடைக்காரன்கிட்ட, 'பேரிங்கு நல்லா இருக்குதாம்ப்பா'ன்னேன். கடையில இருந்த அத்தன பேரும் சிரிச்சானுங்க. ஜோடி சேக்கறதுக்கு இங்கிலீஷ்ல அந்தப் பேராம். போனையும் காரையும்."

நான் சிரித்ததில் சுரூபமும் சேர்ந்து குலுங்கியது.

"அதுங்க ரெண்டும் ரெண்டு நிமிசத்துல ஜோடி சேந்துடுச்சு. எனக்குத்தான் ஆறு மாசமா இழுக்குது" என்றார்.

"போன் எங்கங்க இருக்குது?"

"டிக்கியில. துணிப்பையில போட்டு ரெண்டு முடிச்சு. எட்டுற தூரத்துல இருந்தா கை சும்மா இருக்காது."

அப்போதுதான் டிங் என்று ஒரு சத்தம். காரின் நாலு மூலையிலிருந்தும் ஒரு வெள்ளைக்காரம்மா பேச ஆரம்பித்தாள். யாரிடமிருந்து மெசேஜ் என்று முதலில் ஏதோ சொன்னாள். பிறகு, "இன் எய்க்கு நீன் கா வாரா வெண்ட்ம்" என்றாள்.

அவர் முகம் கண்ணாடியில் தெரிந்தது. பாதிரியார் லத்தீனில் பூசை வைத்தால் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர்தான். தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறாங்க. இந்தம்மா அத இங்கிலீஷுன்னு நெனச்சுப் படிக்குது. ஒரு மாசமா இதே ரோதன. பாதி புரியும், பாதி கேட்டுட்டு வூட்டுக்குப் போய்ப் பாப்பேன். இப்ப என்னா சொல்லிச்சு?"

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். ஆனால் நாலு மாநிலத்துக்காரர்கள் பேசுகிற தமிழைக் கேட்டுப் பழகிய காது. போர் வண்டியில் ஒடிசாக்காரர்கள் கேட்கிற தண்ணியையும் டீயையும் பிரித்துத் தெரிந்துகொண்டவனுக்கு இது பெரிய விஷயமில்லை.

"இன்னைக்கு நீங்க வர..." என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"வர?"

"அதாங்க தெரியல. வேண்டும்னு சொல்லிச்சா, வேண்டாம்னு சொல்லிச்சான்னு."

கார் வேகம் தானாகக் குறைந்தது.

ஸ்டீயரிங்கில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தம்மா திரும்பப் படிப்பாள். மூன்று முறை படிக்க வைத்தார். மூன்று முறையும் வெண்ட்ம். கடைசியில் அந்தம்மாவிடமே பதில் அனுப்பச் சொல்லிவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வேணுமா, வேணாமா?" என்றார்.

அந்தம்மா கொஞ்சம் யோசித்தாள். "வெயின் உமா வெயின் எம்மா" என்று தெளிவாகத் திருப்பிச் சொன்னாள். அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

அவர் பதறிப்போய் என் பக்கம் திரும்பி, "எஸ்ஸா, நோவா தம்பி?" என்றார்.

அந்தம்மாவுக்கு எஸ் என்ற முதல் வார்த்தையே போதும். மெசேஜ் போய்விட்டது.

பிறகு அவர், "உமான்னு ஒருத்தி, எம்மான்னு ஒருத்தி. ஒண்ணு அந்த மதம், ஒண்ணு நம்ம மதம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே வேர்வையைத் துடைத்தார்.

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி மேலிருந்த பையை எடுத்து, இரண்டு முடிச்சையும் பல்லால் இழுத்து அவிழ்த்தார். போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே பாருங்க தம்பி. நான் பாத்தா வேணாம்னுதான் தெரியும்."

அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் படித்து இங்கிலீஷ் எழுத்து எனக்கு அத்துப்படி. எழுத்தெழுத்தாகப் படித்தேன். கடைசி வார்த்தை வரைக்கும் சரியாகத்தான் வந்தது. அங்கே வீ, ஈ, என், டீ. அதற்கடுத்து நேராக எம். நடுவில் ஒன்றுமே இல்லை.

"ஏ இருந்தா வேண்டாம். யூ இருந்தா வேண்டும். ரெண்டும் இல்லங்க. எழுத்த உட்டுட்டாங்க" என்றேன்.

"அந்தம்மா சரியாத்தான் படிச்சுதா?"

"அச்சு பிசகாம."

அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. பரீட்சை நேரம், ஒன்றரைக்கு மணி அடித்தால் டீச்சர்கள் போனை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு ஹாலுக்குப் போய்விடுவார்கள், நாலரைக்குத்தான் வெளியே வருவார்கள் என்றார். மெசேஜ் வந்தது ஒன்று இருபத்தெட்டுக்கு. உமா எம்மா மெசேஜை அழிக்கப் பார்த்தார். அழித்தால், இங்கே ஒன்று இருந்தது, அழித்துவிட்டார்கள் என்று போனே காட்டிக்கொடுக்கும் என்றேன். அப்படியே விட்டார். விளக்கமாக ஒன்று எழுத ஆரம்பித்தார். 'உமாவும் எம்மாவும் எனக்கு யாரும் இல்லை' என்பது வரை எழுதிவிட்டு என்னிடம் காட்டினார்.

"இது அதவிட மோசமா இருக்குதுங்க" என்றேன். அதையும் அழித்தார்.

அவருடைய கவலை எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் போய் வாசலில் நின்றால் மரியாதை இல்லை. வேண்டும் என்று சொல்லியும் போகாவிட்டால் அதோடு முடிந்தது.

"பேச்சுல வான்னு கூப்புடறவங்க வாங்கன்னுதான் போடுவாங்க. வர வேண்டும்னு யாரு போடுவா? அப்ப இது வேண்டாம்தான்" என்றார்.

"டீச்சருன்னீங்களே. என்ன பாடம்?"

"தமிழு."

"அப்ப வர வேண்டும்னு போடறவங்கதாங்க."

"தமிழ் டீச்சர் எழுத்த உடுவாங்களா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அண்ணே, முன்னாடி என்னா போட்டிருக்குது? அத இன்னொரு தபா சொல்லுங்க."

"இன்னைக்கு நீங்க வர."

"இன்னைக்குன்னு இருக்குது இல்ல? ஆள வேணாங்கற பொம்பள எதுக்கு இன்னைக்குன்னு போடறா? ஒரேடியா வேணாம்னுட்டுப் போயிடுவா. இன்னைக்கு வேணாம்னா நாளைக்கு வான்னு அர்த்தம். இன்னைக்கு வேணும்னா இப்பவே ஓடுன்னு அர்த்தம். எப்படிப் பாத்தாலும் நீங்க ஜெயிச்சாச்சு. இந்தாங்க டீ. இத வெச்சுக்கிட்டு ரெண்டு ஆம்பளைங்க அர மணி நேரமா பரீட்ச எழுதறீங்க."

அவர் எழுந்து நின்றார். டீயை நின்றபடியே குடித்தார். எனக்கு இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து மறுபடி இரண்டு வாங்கினார்.

"வேண்டாம்தான்னா அத அவங்க வாயால சொல்லட்டும். கேட்டுக்கிட்டுத் திரும்பிடறேன். மாதாவ ஏத்திட்டு வந்து பாதி வழியில திருப்பறது நல்லா இல்ல" என்றார். போனைப் பையில் போட்டு, இந்த முறை மூன்று முடிச்சு.

அங்கிருந்து திட்டக்குடி வரை போன பயணத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மனசு லேசானதும் அவருக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. பொத்தானை அழுத்தி அந்தம்மாவிடம் ஊர்ப் பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். பெண்ணாடம் என்றார். அவள், பென் ஆடம் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரனைக் கூப்பிட்டாள். திட்டக்குடி என்றார். டிட் அ கூடி என்றாள். கருவேப்பிலங்குறிச்சி என்றார். அந்தம்மா ரொம்ப நேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, "சாரி" என்றாள். வண்டியை ஓரம் கட்டிச் சிரித்தோம். இரண்டு பக்கமும் நெல் அறுத்த வயல். ஒரு எருமை எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. வேறு எந்த வேலையை விட்ட அன்றும் இவ்வளவு சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

மூன்றரைக்கே பள்ளிக்கூட வாசலில் நின்றோம். ஒரு மணி நேரம் போகவே இல்லை. கண்ணாடியில் தலையைச் சீவினார். கலைத்தார். மறுபடி சீவினார். நாலரைக்கு மணி அடித்து, பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, கைப்பையை மாட்டிக்கொண்டு டீச்சர் வந்தார். ஒல்லியான, விறுவிறு நடை. கையில் போன். எங்களைப் பார்த்ததும் நின்றார். இவர் காரை விட்டு இறங்கி, கும்பிடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப்பாதி செய்தார்.

டீச்சர் முதலில் கேட்டது: "யாருங்க உமா?"

"ஐயோ, அது இல்லீங்க..."

"அப்ப எம்மா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இறங்கி வந்தேன்.

"அக்கா, அது உமாவும் இல்ல எம்மாவும் இல்ல. 'வேணுமா வேணாமா'ன்னு அண்ணன் கேட்டாரு. காரு அப்படி எழுதி அனுப்பிடுச்சு. நீங்க அனுப்பினதுல ஒரு எழுத்து இல்லக்கா. வேண்டும்னும் படிக்கலாம், வேண்டாம்னும் படிக்கலாம்."

டீச்சர் போனை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். காது வரை சிவந்துபோனது.

"மணி அடிச்சுட்டான். அவசரத்துல அடிச்சேன்" என்றார். "புள்ளைங்க ஒரு புள்ளிய உட்டாக்கூட அர மார்க் கொறைக்கறவ நானு."

"அப்ப எந்த எழுத்துங்க?" என்றார் இவர்.

"வேண்டாம்னுதாங்க போட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரிங்க. மாதாவ மட்டும் எறக்கி வெச்சுட்டு..."

"முழுசாக் கேளுங்க. ஹால் டூட்டியோட விடைத்தாள் கட்டற வேலையும் திடீர்னு என் தலையில போட்டுட்டாங்க. அது முடிய ஆறு ஆயிடும்னாங்க. வூட்ல ஒண்ணும் செஞ்சு வெக்கல. வேகமா ஓட்டிட்டு வந்து வெறும் வூட்ல உக்காருவீங்களேன்னு, இன்னைக்கு வேண்டாம், ஞாயித்துக்கிழம வாங்கன்னு சொல்ல வந்தேன். பாதியிலயே அனுப்பிட்டேன். விடைத்தாளு நாளைக்குத்தானாம், இப்ப வுட்டுட்டாங்க."

டீக்கடை அக்கா சொன்னது சரியாகிவிட்டது. டீச்சர் காருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுரூபத்தைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் கண் வேறு எதையோ தேடியது.

"போன் எங்க?"

இவர் டிக்கியைத் திறந்தார். பையைக் காட்டினார். டீச்சர் ஒரு முடிச்சு அவிழ்த்தார், இரண்டாவது அவிழ்த்தார், மூன்றாவதில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு நிற்கவே இல்லை. டிக்கி மூடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வழியில எடுத்தாரா?" என்று என்னைக் கேட்டார். பரீட்சை ஹாலில் கேட்கிற மாதிரி.

"டீக்கடையில நிறுத்திட்டு எடுத்தாருக்கா. அதுவும் என் கையில குடுத்துட்டாரு. ஓட்டும்போது தொடல."

"ஏறுங்க, வூட்டுக்குப் போலாம்" என்றார். முன்சீட்டில் டீச்சரே உட்கார்ந்தார்.

வீட்டில் உண்மையிலேயே ஒன்றும் செய்து வைத்திருக்கவில்லை. அண்ணன் லுங்கியோடு நாற்காலியில் வலது காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு, "பரவால்ல, சொந்தமாவப் போறவங்கதான" என்று துண்டைப் போர்த்திக்கொண்டார். மதியக் குழம்பைச் சூடு பண்ணி, அப்பளம் பொரித்து, எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெண் பார்க்க வந்தவருக்கு சொஜ்ஜி இல்லை, பூ இல்லை, அலங்காரம் இல்லை. அவர் மூன்று முறை குழம்பு கேட்டு வாங்கினார். உமா எம்மா கதையை அண்ணன் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் டீச்சர் கை கழுவிவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் அவரிடமே சொன்னார்.

"தவக்காலம் முடியட்டும். ஈஸ்டருக்கு அப்புறம் கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்லிச் சாமியாரப் பாக்கலாம்."

மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு அறிவிப்பதைத்தான் அவர்கள் ஓலை என்கிறார்கள். அது எனக்கு அன்றுதான் தெரியும். இவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பது போல ரொம்ப நேரம் வைத்துக்கொண்டார்.

"ஓலைய நீ எழுதாத. எழுத்து உட்டுடுவ" என்றார் அண்ணன்.

பொழுது சாய்வதற்குள் நாலு பேருமாகச் சுரூபத்தைக் கெபியில் இறக்கி வைத்தோம். மூக்கு முழுசாக இருந்தது. அவர் விருத்தாசலம் கிளம்பும்போது, "வரீங்களா தம்பி, திரும்ப வுட்டுடறேன்" என்றார். அங்கிருந்துதான் வந்தேன் என்றேன். அவருக்குப் புரிந்தது. தோளில் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். போன் டிக்கியில்.

"நீங்க எங்க போவீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"தெரியலக்கா."

"மெசேஜ் படிக்கத் தெரியுது. பொய் சொல்லத் தெரியல. எங்க ஸ்கூல் வேனுக்கு ஒரு ஆளு வேணும். டிரைவர் நல்லவருதான். ஆனா ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு பெத்தவங்க மெசேஜ் போடறாங்க, அவரு ஓட்டிக்கிட்டே பாக்கறாரு. நான் ரெண்டு வருசமா சண்ட போடறேன். எத்தன நாள் இருப்பீங்க?"

"அது சொல்ல முடியாதுக்கா."

"அதையும் உள்ளபடி சொல்றீங்க."

அண்ணன் அறையில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். காலை ஆறரைக்குப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஆதார் கார்டைக் காட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கையெழுத்துப் போடச் சொன்னார். ஏழேகாலுக்கு வேன் கிளம்பியது. டிரைவர் முறைத்துக்கொண்டேதான் போனை என்னிடம் கொடுத்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் தெரு திரும்புவதற்குள் ஒரு மெசேஜ் வந்தது. சத்தமாகப் படித்தேன்.

"பாப்பா இட்லி சாப்பிடுது, ரெண்டு நிமிஷம் நில்லுங்க."

"அந்த வூட்ல ரெண்டு நிமிசம்னா எட்டு நிமிசம்" என்றார் டிரைவர், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மேலத்தெரு புள்ளைங்கள ஏத்திக்கிட்டு வரோம்னு போடுங்க."

ஒரு எழுத்தும் விடாமல் போட்டேன்.